சுமக்கிறது வேற, சுத்துறது வேற

பின்பக்க ஆக்ஸில் வேலை பார்க்கிறவனை ஊரில் யாரும் பாராட்டுவதில்லை; சக்கரம் கழன்று ஓடினால் மட்டும் அவன் பெயரும் அவன் அப்பன் பெயரும் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

இஞ்சின் மெக்கானிக் என்றால் நாற்காலி போடுவார்கள். பெயின்ட் அடிக்கிறவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் மண்ணும் வாயில் கியர் ஆயிலும் விழ வேலை பார்க்கிற நம்மிடம் மட்டும், "என்ன, அடியில தூங்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அப்படிப் படுத்தவர் இருந்தால் என் வயிற்றெரிச்சல் அவருக்குப் புரியும். மற்றவர்களுக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கும், அந்த வேலைக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். ஆகவே நாமெல்லாம் ஒரே கட்சி.

என் பட்டறை மன்னார்குடியில், தஞ்சாவூர் ரோட்டில். லாரி, டிப்பர், மினி வேன் என்று எது வந்தாலும் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும். முன்பக்கத்தைக் காட்டினால் கொஞ்சம் யோசிப்பேன். இப்படிப் போய்க்கொண்டிருந்த பின்பக்க வாழ்க்கைக்குள் ஒரு ரேஸ் கார் புகுந்துவிட்டது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். நீங்கள் எழுந்து போக முடியாது, மாட்டிக்கொண்டீர்கள்.

வழி மறித்த நெல் லாரி

சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். வடுவூர்ப் பக்கம், நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சற்று முன்னால், முழுப் பாரத்தோடு ஒரு லாரி நடுரோட்டில் நின்றுவிட்டது. இஞ்சின் உறுமுகிறது, கியர் விழுகிறது, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. எங்கள் பாஷையில் ஆக்ஸில் கட்; சக்கரத்தைச் சுற்றுகிற ஷாஃப்ட் உடைந்துவிட்டது. பின்னால் அறுவடை மெஷின், மினி பஸ், கல்யாண வேன் எல்லாம் வரிசை கட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மூட்டையை எல்லாம் இறக்கு, ஜாக்கி போடு, சக்கரத்தைக் கழற்று என்று ஆளுக்கு ஒரு யோசனை. லாரி டிரைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நானும் என் ஃபிட்டர் மதியழகனும் போய்ச் சேர்ந்தோம். மூட்டையை இறக்கவில்லை, ஜாக்கியைத் தொடவில்லை. சக்கரத்தின் நடுவில் தொப்புள் மாதிரி இருக்கிற தகட்டின் நட்டுகளைக் கழற்றி, ஷாஃப்ட்டை அப்படியே வெளியே உருவினேன், கரும்புக் கட்டிலிருந்து ஒன்றை உருவுவது போல. பாதிதான் வந்தது. உள்ளே தங்கிவிட்ட மீதித் துண்டை, முனையில் வளையம் வைத்த கம்பியை விட்டு மதியழகன் இழுத்துப் போட்டான். புது ஷாஃப்ட்டைச் சொருகினோம், நட்டுகளை இறுக்கினோம். இவ்வளவும் நடக்கும்போது மூட்டைகள் மேலேயே இருந்தன, சக்கரம் அதன் இடத்திலேயே நின்றது. லாரி கிளம்பியதும் கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், தேர் நகர்ந்தால் எழுமே, அந்தச் சத்தம்.

ஆரம்பத்திலிருந்தே என் தோளுக்கு மேல் ஒருத்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் துப்பட்டா, கையில் சாவிக்கொத்து. நெரிசலில் மாட்டிய ஒரு வேனை ஓட்டி வந்தவள். பெயர் ஷிஃபானா, ஊர் கூத்தாநல்லூர். அத்தா துபாயில் இருக்கிறார், அம்மாவும் அவளும் அரிசி மண்டியைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவள் கேட்டது ஒரே கேள்வி. "ஆக்ஸிலே உடைஞ்சு போச்சு, சக்கரம் மட்டும் எப்படிண்ணே நிக்குது?" என்றாள். "லாரிக்கு ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸில்ம்மா. பாரத்தை இது தாங்காது, சும்மா சுத்திவிடும், அவ்வளவுதான்" என்றேன். உடைந்த துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னால் அடித்த ஹாரன் எதுவும் அவள் காதில் விழவில்லை.

"எனக்கும் இதே மாதிரி வேணும்ணே. லாரிக்கு இல்ல, ரேஸ் காருக்கு. இல்லன்னா எங்கம்மா காரைப் பழைய இரும்புக்குப் போட்டுரும்."

அண்டாவும் கரண்டியும்

அடுத்த வாரமே கார் வந்து இறங்கியது. ஒரு காலத்தில் அதிகாரிகள் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு போன பழைய குண்டுக் கார். உள்ளே பின்சீட்டைப் பிடுங்கி இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருந்தாள். சாதுவான பழைய இஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு முரட்டு இஞ்சினை வைத்து, பிரேக்கையும் டிஸ்க்காக மாற்றியிருந்தாள். பின்பக்க ஆக்ஸில் மட்டும் அதே பழசு. காரோடு அவளுடைய அம்மாவும் வந்திருந்தார். ஜெய்புன் அக்கா. காரின் ஆர்.சி. அவர் பெயரில் இருந்தது, அதனால் இரும்புக்குப் போடுகிற அதிகாரமும் அவரிடமே இருந்தது.

போன கோடையில் நடந்ததை அவர்தான் சொன்னார். மண் தடத்தில் ஒரு திருப்பம். ஆக்ஸில் உடைந்து, உடைந்த துண்டோடு சக்கரமும் சேர்ந்து வெளியே வந்து, காரை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. கார் இழுத்துக்கொண்டு போய் மண்மேட்டில் சாய்ந்து நின்றது. ஷிஃபானாவுக்குத் தோளில் அடி. "எம்புள்ள உள்ள இருக்கா, சக்கரம் தனியா போகுது. நான் எதைப் பாக்குறது தம்பி?" என்று கேட்டார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. இன்னொரு தடவை சக்கரம் கழன்றால் அன்றைக்கே கார் இரும்புக் கடைக்கு, பெண் மண்டிக்கு. ரேஸ் என்ற பேச்சே வீட்டில் இருக்கக்கூடாது. ஷிஃபானா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இந்தப் பெண்ணுக்குக் காரைவிட்டால் மூச்சே நின்றுவிடும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் காரில் இருந்தது செமி ஃப்ளோட்டிங். ஒரே ஷாஃப்ட் எல்லா வேலையும் பார்க்க வேண்டும். காரின் எடையைத் தாங்க வேண்டும், சக்கரத்தைச் சுற்ற வேண்டும், திருப்பத்தில் பக்கவாட்டில் வருகிற அடியையும் வாங்க வேண்டும். சக்கரமும் அந்த ஷாஃப்ட்டின் நுனியிலேயே மாட்டியிருக்கும். வீட்டுக் காருக்கும் ஆபீஸ் காருக்கும் அது போதும். முரட்டு இஞ்சினைப் பூட்டி மண்ணில் விரட்டினால் எத்தனை நாள் தாங்கும்? ஃபுல் ஃப்ளோட்டிங்கில் சக்கரம் ஹப் என்கிற குடத்தில் இருக்கும். ஹப் இரண்டு பேரிங்குகளில், ஷாஃப்ட்டை மூடியிருக்கிற ஹவுசிங் குழாயின் முனைமேல் உட்கார்ந்திருக்கும். பாரமெல்லாம் குழாய்க்கு. ஷாஃப்ட் குழாய்க்குள் மிதந்தபடி சக்கரத்தைத் திருகிக் கொடுத்தால் போதும்.

இதை அக்காவுக்கு விளக்கப் போய், பேரிங், டார்க் என்று உளறி மாட்டிக்கொண்டேன். கடைசியில் பிரியாணிதான் காப்பாற்றியது. "கல்யாணத்துல பிரியாணி அண்டாவை எது தாங்குதுக்கா?" என்றேன். "அடுப்புதான்." "கிளறுறது?" "கரண்டி." "லாரியில அடுப்பு தனி, கரண்டி தனிக்கா. கரண்டி உடைஞ்சாலும் அண்டா கவுறாது. இந்தக் கார்ல அடுப்பே கிடையாது" என்றேன். அவர் காரின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மகளை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப இத்தன நாளும் கரண்டியிலயே அண்டாவத் தூக்கிக்கிட்டு ஓடிருக்கா இவ?"

ஒரு சிப்பம் அரிசி

அக்கா அத்தோடு விடவில்லை. "ஆக்ஸில் உடையாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி" என்றார். பொய் சொல்லியிருக்கலாம், நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "உடையாதுன்னு சொல்ல மாட்டேன்க்கா. அந்த இஞ்சினுக்கு எதுவும் உடையும். ஆனா உடைஞ்சாலும் சக்கரம் போகாது. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடுகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். அக்கா யோசித்தார். "உடையும்னு நீங்களே சொல்றீங்க. அப்ப இன்னொண்ணு செஞ்சு கையில குடுங்க. அது எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். அதனால் ஷாஃப்ட்டில் உபரியாக ஒன்று செய்தோம்.

கும்பகோணத்தில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறை ஒன்று. ஒரு சின்ன லாரியின் ஹப்பை எடுத்து, அதற்கேற்ற முனைகளைக் கடைந்து, காரின் ஹவுசிங் குழாயை வெட்டி இரண்டு பக்கமும் நேர்பார்த்து வெல்டு வைத்தோம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் சுற்றலைப் பிரித்துக் கொடுக்கிற கிரவுனையும் ரேஸுக்காக இரண்டு பக்கமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டினோம். வேலை முடிந்து பார்த்தபோது எனக்கு அதைப் பூட்டவே மனசில்லை. கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. மதியழகன் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஷிஃபானா மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். தூக்கிப் பார்த்தாள், மறுபடியும் பிதுக்கினாள். சந்தேகம் தீராமல் பழையதையும் புதியதையும் மண்டிக்கு எடுத்துப் போய், மூட்டை போடும் எலக்ட்ரானிக் தராசில் ஏற்றிவிட்டாள். புதியது கிட்டத்தட்ட ஒரு சிப்பம் அரிசி, அதாவது இருபத்தைந்து கிலோ, அதிகம். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஃபுல் ஃப்ளோட்டிங் கனம்தான், அதை மறைக்க முடியாது. ரேஸில் ஒரு கிலோ குறைக்கத் தலைகீழாக நிற்பார்கள், நான் சிப்பத்தையே ஏற்றிவிட்டேன். "ஹப்பைக் கொஞ்சம் கடைஞ்சு இளைக்க வெச்சிரலாமாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஜெய்புன் அக்கா எழுந்து வந்தார்.

"எடை குறையணும்னா கண்ணாடி ஏத்துற மெஷினைக் கழட்டு, பாட்டுப் பொட்டியக் கழட்டு, ரெண்டு வேளை சோத்தக் குறை. சக்கரத்துல கை வெச்ச, கையை ஒடிச்சுருவேன்."

பழைய காரிலேயே இருந்த கால்

எங்கள் பக்கம் கறுப்பு வண்டல், காரை விட்டால் நாற்றுப்போல ஊன்றிவிடும். வல்லம் தாண்டிப் போனால் செம்மண் மேடு. அங்கே ஒருவருடைய தரிசு நிலத்தில்தான் தடம் போட்டிருந்தார்கள். முதல் ஒத்திகைக்கு என்னையும் பக்கத்து சீட்டில் வைத்து நாலு பட்டையில் கட்டிவிட்டாள். கார் கிளம்பியதும் நான் கத்தியது பயத்தில் என்று மதியழகன் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். சந்தோஷத்தில் கத்தினேன். கொஞ்சம் பயமும் இருந்தது.

திருப்பம் வந்தது. அவள் பிரேக்கை முதலில் ஒரு தட்டுத் தட்டினாள், பிறகு மிதித்தாள். தட்டிய உடனேயே கார் குத்துக்கல் மாதிரி நின்றுவிட்டது. பட்டைகள் மட்டும் இல்லையென்றால் நான் முன்கண்ணாடி வழியாகத் திருச்சிக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். பின்னால் வந்த எங்கள் புழுதியே எங்களைத் தாண்டிப் போனது. அடுத்த திருப்பத்திலும் அப்படியே. "எதுக்கும்மா முதல்ல தட்டுற?" என்றேன். பழைய ஆக்ஸிலில் அப்படித் தட்டினால்தான் பிரேக் பிடிக்குமாம். எனக்குப் புரிந்துவிட்டது, குதிக்க இடம் இல்லாததால் சீட்டிலேயே குதித்தேன். பழையதில் திருப்பத்தில் ஷாஃப்ட் லேசாக வளையும். அதில் மாட்டிய பிரேக் டிஸ்க்கும் கூடவே சாயும். சாய்கிற டிஸ்க், பிரேக் பேடுகளைப் பின்னால் தள்ளிவிடும். அடுத்த மிதி வெறும் மிதியாகப் போகும். அதனால்தான் ஒரு தட்டு. புதியதில் ஹப் இரண்டு பேரிங்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க் சாயாது, பேடு தள்ளாது, முதல் மிதியே பிடிக்கும். உயிருக்காகப் பூட்டியது வேகத்துக்கும் உதவுகிறது. திருப்பத்துக்கு இன்னும் கிட்டப் போய் மிதிக்கலாம். சிப்பம் அரிசியின் கனத்தை அங்கேயே ஈடுகட்டிவிடலாம்.

எத்தனை சுற்று ஓட்டியும் அந்தத் தட்டு மட்டும் போகவில்லை. கடைசியில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள்.

"வண்டி மாறிடுச்சுண்ணே. என் காலுதான் இன்னும் பழைய கார்லயே இருக்கு."

மதியழகன் வைத்த பொட்டு

மதியழகனின் அப்பா சாமி இல்லை என்கிற தீவிரமான கட்சிக்காரர், அதற்கேற்ற பெயராகத் தேடி வைத்தார். மகன் பக்தியில் பழுத்த பழம். பட்டறையில் வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம், குங்குமம். ஸ்பேனருக்கும் பொட்டு, வெல்டிங் மெஷினுக்கும் பொட்டு, அசந்து உட்கார்ந்திருந்தால் எனக்கும் பொட்டு. ரேஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஷிஃபானாவின் காருக்கும் பூசை போடட்டுமா என்று ஜெய்புன் அக்காவிடம் கேட்டான். "எம்புள்ளைக்கு நல்லது நினைச்சு யாரு செஞ்சாலும் சரி தம்பி, செய்ங்க" என்று அவரும் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் கடைசி ஒத்திகை. அக்காவும் வந்து வேலியோரம் நின்றார். நாலைந்து சுற்று ஓடியதுமே கருகல் வாடை. பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் இடது பின்சக்கரத்து டிஸ்க் முழுக்க கியர் ஆயில். ஆயிலைக் கசியாமல் தடுக்கிற சீல் புதுசு, நானே கையால் தட்டி உட்கார வைத்தது. அக்கா சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் ரேஸ். நான் கொடுத்த வாக்கு அந்த இடது சக்கரத்திலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

அடியில் படுத்தேன். ஹவுசிங்கின் மேல்பக்கம் பிரீதர் என்று ஒரு குட்டி மூடி இருக்கும். ஓட்டத்தில் உள்ளே சூடாகிற காற்று அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அந்த மூடி முழுக்கச் சந்தனத்தால் மெழுகி, நடுவில் குங்குமம் வைத்து, காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. ஹவுசிங் குழாய்க்கு மூன்று பட்டை விபூதி வேறு. காற்றுக்கு வழியில்லை, அழுத்தம் ஏறி ஆயிலைச் சீல் வழியாகப் பிதுக்கிவிட்டது. உலகத்தில் யாராவது காருக்கு அடியில் தவழ்ந்து போய் ஆக்ஸிலுக்குப் பொட்டு வைப்பார்களா? ஆக்ஸில் ஃபிட்டர் வைப்பான். "மேல இருக்கிறதுக்கெல்லாம் எல்லாரும் வைப்பாங்கண்ணே. இதுக்கு நாமதான வைக்கணும்?" என்றான், கண்ணில் தண்ணீர் முட்ட. எனக்குக் கோபம் தலைக்கேறியது, இந்தப் பதிலைக் கேட்டதும் இறங்கிவிட்டது. சீலை மாற்றி, டிஸ்க்கைக் கழுவி, பேடுகளைப் புதிதாகப் போட்டு, பிரீதரை ஊதிச் சுத்தம் செய்தோம். மறுபடி ஓட்டிப் பார்த்தபோது ஒரு சொட்டு இல்லை. விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஜெய்புன் அக்கா மதியழகனைக் கூப்பிட்டார்.

"பொட்டு வைங்க தம்பி, வேணாங்கல. மூக்குல வைக்காதீங்க."

ஜாக்கி வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு காராகத் தனித்தனியே ஓட வேண்டும், ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டம், அதில் சிறந்தது எதுவோ அதுதான் கணக்கு. முதல் ஓட்டத்தில் ஷிஃபானா பறந்தாள். ஆனால் இரண்டு திருப்பங்களில் கால் பழைய பழக்கத்தில் தட்டிவிட்டது, நேரம் போய்விட்டது. இரண்டாவது ஓட்டத்துக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு போய் நின்றாள். கொடி இறங்கியது. காரும் பாய்ந்தது. கூடவே பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம், துப்பாக்கி வெடித்த மாதிரி.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஆக்ஸில் கட். என் உயிர் என்னிடம் இல்லை. பக்கத்தில் நின்ற ஜெய்புன் அக்கா வேலிக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கார் லேசாக ஒரு பக்கம் இழுத்தது, சமாளித்தது, நேரானது. கிரவுனை இரண்டு பக்கமும் பூட்டியிருந்ததால் மற்ற சக்கரம் ஒற்றையாகத் தள்ளியது. கார் மெல்ல நகர்ந்து நகர்ந்து, திருப்பத்தைச் சுற்றிக்கொண்டு, தானாகவே எங்களிடம் வந்து சேர்ந்தது. நாலு சக்கரமும் நாலு இடத்தில் இருந்தன. "சக்கரம் இருக்கு தம்பி! சக்கரம் இருக்கு!" என்று அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். நான் அழுதேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அழுதேன்.

ஷிஃபானா இறங்கி நின்றாள், முகம் செத்துப் போயிருந்தது. வரிசையில் அவளுக்கு முன்னால் கொஞ்சம் கார்களே பாக்கி, அதற்குள் மூன்றாவது ஓட்டம் வந்துவிடும். "முடிஞ்சுதுண்ணே" என்றாள். "எங்க முடிஞ்சுது?" என்று கேட்டது நானில்லை, அக்கா. தான் வந்த வேனின் பின்கதவைத் திறந்தார். பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில், படுக்கை விரிப்பில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி அந்த உபரி ஷாஃப்ட். மதியழகன் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். இரண்டு பக்கத்து ஷாஃப்ட்டையும் உருவி, நல்ல பக்கத்திலிருந்து நீளக் கம்பியை விட்டுக் குத்தினேன். உடைந்த துண்டு எதிர்ப்பக்கமாக வந்து மண்ணில் விழுந்தது. சுற்றிலும் மற்ற குழுக்காரர்கள் கூடிவிட்டார்கள். இரண்டு பேர் நல்ல மனசோடு பெரிய ஜாக்கி ஒன்றை உருட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். அக்கா இரண்டு கையையும் விரித்து அவர்களை மறித்தார்.

"ஜாக்கி வேணாம்ப்பா, தள்ளுங்க! இது சுமக்கிறது வேற, சுத்துறது வேற!"

அக்காவின் சந்தேகம்

கடைசி போல்ட்டை இறுக்கும்போது ஷிஃபானாவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ஓடினாள். மூன்றாவது ஓட்டத்தை நான் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தத் தட்டு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். முதல் திருப்பம், தட்டு இல்லை. இரண்டாவது, இல்லை. வெகு கிட்டத்தில் போய் ஒரே மிதி, கார் குனிந்தது, திரும்பியது, செம்மண்ணை வானத்துக்கு வீசிவிட்டுப் போனது. ஒரு தட்டுகூட இல்லை! மதியழகன் ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆடினான். விழுந்த ஸ்பேனரை இன்றைக்கு வரைக்கும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாம் இடம் கிடைத்தது. ஷிஃபானா கோப்பையை வாங்கி நேரே எங்களிடம் கொண்டுவந்து காருக்கு அடியில், ஆக்ஸிலுக்கு நேர் கீழே வைத்தாள். அதற்குச் சந்தனம் வைக்கக் கிளம்பிய மதியழகனைப் பிடித்து நிறுத்தினோம். துபாயிலிருந்து அத்தா போனில் வந்தார், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதில் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஜெய்புன் அக்கா மட்டும் சத்தமில்லாமல் காரைச் சுற்றி வந்தார். இடது பின்சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார், வலதையும் தொட்டார். பிரியாணியை எனக்குத் தன் கையாலேயே வைத்தார், கறி நிறைய வைத்தார். "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க தம்பி. இனிமே அவ ஓட்டட்டும்" என்றார். ஷிஃபானா பிளேட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து யாரும் எனக்கு இப்படி நன்றி சொன்னதில்லை. வேலை முடிந்தது, கையைக் கழுவலாம் என்று எழுந்தேன். அப்போது அக்காவின் பார்வை மெதுவாகக் காரின் முன்பக்கம் போனது.

"பின்சக்கரத்துக்கு நீங்க பொறுப்பு, சரி. அந்த முன்சக்கரம் ரெண்டும் யாரு பொறுப்புல தம்பி ஓடுது?"

பின்பக்கம் மட்டுமே தெரிந்து நிம்மதியாக இருந்தவன், அந்த ஒரு கேள்வியோடு நாலு சக்கரத்துக்கும் ஜாமீன்காரன் ஆகிவிட்டேன்.